சுவரில் இருந்தவரும் சேர்ந்து எழுதிய பரீட்சை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம். உன் முழங்காலும் அத்தானின் கண்ணும் தேவலையா என்று அறிய ஆவல். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதை நான் மறக்கவில்லை, ஆனால் இப்போது அதைப் பேசப்போவதில்லை.

நான் லைசென்ஸ் பரீட்சைக்கு உட்கார்ந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், நீயும் தலையாட்டிக்கொண்டு கேட்பாய். கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் நான். வலது பக்கம் என் மகன், நகத்தைக் கடித்துக்கொண்டு. இடது பக்கம் என் மகள், கையில் கேள்விப் புத்தகத்தோடு. நாற்காலிக்குப் பின்னால் மாப்பிள்ளை, எல்லாம் தெரிந்தவர். அவருக்கும் பின்னால் சுவரில், சட்டம் போட்ட படத்தில், என் வீட்டுக்காரர். செத்துப்போன மனுஷனை எதுக்குடி கணக்கில் சேர்க்கிறாய் என்று கேட்பாய். நான் சேர்க்கவில்லை, கம்ப்யூட்டர் சேர்த்தது. அதற்குத்தான் வருகிறேன்.

அவர் போனதிலிருந்து கார் கொட்டகையில் சும்மா நிற்கிறது. என் மகனுக்குக் கார் என்றால் பயம். படிப்பு முடித்த வருஷம் பின்பக்கமாக எடுக்கிறேன் என்று வாசல் தூணைச் சாய்த்தவன், அதோடு லைசென்ஸ் பக்கமே போகவில்லை. மகளுக்கு எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம், பின்சீட்டில் உட்கார்ந்தால்கூட. மாப்பிள்ளைக்கு லைசென்ஸ் இருக்கிறது, நேரம்தான் இல்லை. உனக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து "அடுத்த வாரம் உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை. உன்னால் பஸ் படி ஏற முடியாது. எனக்கோ பஸ்ஸில் உட்கார்ந்தால் தலை சுற்றி வாந்தி வரும். இப்படியே போனால் நம்மில் ஒருத்தி இன்னொருத்தியைச் சுவரில்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குள்ளே ஒரு கலக்கம். அந்த நேரம் பார்த்து என் மகன் வந்து, மாசக் கடைசியில் மெக்கானிக் வந்து காரை எடுத்துக்கொண்டு போகப்போகிறான், ஓட்ட ஆளில்லாத வண்டி எதற்கு என்கிறான். நான் ஓட்டுகிறேன் என்றேன். வீடே சிரித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, மாசக் கடைசிக்குள்ள பழகுற லைசென்ஸ் வாங்கிடு, கார் உனக்கே" என்றான். விளையாட்டுக்குச் சொன்னானாம். என்கிட்ட விளையாட்டுக்குச் சொன்ன எதையும் நான் விளையாட்டாக வைத்துக்கொண்டது கிடையாது, அது உனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் விண்ணப்பம், பரீட்சை இரண்டையும் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் முடிக்கலாமாம், வசதியாம். அந்த வசதியைக் கேள். என் போட்டோவைக் கேட்டது. கொடுத்தால் பெரிசாக இருக்கிறது என்றது. மாப்பிள்ளை சின்னதாக்கிக் கொடுத்தார், ரொம்பச் சின்னது என்றது. மறுபடி கொடுத்தால் முகம் தெளிவில்லை என்றது, அதுக்கு நான் என்ன செய்வது, இந்த முகத்தை இத்தனை வருஷம் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தவில்லையா. பிறகு கையெழுத்துக் கேட்டது. வெள்ளைத்தாளில் போட்டேன். நேற்று போட்டதும் இன்று போட்டதும் ஒரே மாதிரி இல்லை என்று மாப்பிள்ளை உச்சுக்கொட்டினார். பிறகு என் மகன் போனுக்கு ஒரு நம்பர் அனுப்புவேன், உடனே சொல் என்றது. அவன் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டிருந்தான். நாங்கள் கதவைத் தட்ட, அவன் உள்ளேயிருந்து நம்பரைக் கத்த, இங்கே மாப்பிள்ளை தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்தது என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரத்த வகை என்ன என்று கேட்டது. யாருக்கும் தெரியவில்லை, ஏதாவது போட்டுவிடலாம் என்றார் மாப்பிள்ளை. எனக்குத் தெரியும் என்றேன். மகள் பிறந்தபோது அதே வகை ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். காலையில் சாப்பிடவில்லை, மயக்கம் வரும் என்று சொல்லி நழுவிப்போன என் நாத்தனார் அன்று கட்டியிருந்த சேலையின் நிறம்கூட எனக்குத் தெரியும், ரத்த வகையா மறந்துபோகும்.

பரீட்சைக்குப் படித்ததைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. நான் அடுப்படியில் நிற்க, மகள் கேள்விப் புத்தகத்தை உரக்க வாசிப்பாள். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். ஆனால் அக்கா, ஒவ்வொரு கேள்விக்கும் நம் சொந்தத்தில் ஒரு குற்றவாளி வந்து நிற்கிறான், அதுதான் ஆச்சரியம். வளைவில் முந்தலாமா என்றால் சித்தப்பா. கைகாட்டாமல் திரும்பலாமா என்றால் அவருடைய மூத்த மகன். ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடிக்கலாமா என்றதும் எனக்கு அத்தான் ஞாபகம் வந்துவிட்டது. நான் வலியில் துடித்துக்கொண்டிருக்க, கேட்டைத் திறக்கச் சொல்லி விடாமல் அடித்தாரே, அது அபராதம் போடுகிற குற்றமாம். அன்றைக்கு எனக்குச் சட்டம் தெரியவில்லை. அத்தானுக்கு இதை நீயே வாசித்துக்காட்டு.

சரி, பரீட்சை நாள். காமிரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம், பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாதாம். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். போனார்கள், கதவுக்குப் பின்னால் வரை. முதல் கேள்வி வந்தது, பதில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, கையை வைக்கப் போகிறேன், இன்னொரு முகம் தெரிகிறது, பரீட்சை ரத்து என்று சிவப்பாக வந்து நின்றது. மாப்பிள்ளை ஓடி வந்தார். மேஜைக்கு அடியில் பார்த்தார், திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார், என் மகனைப் பார்த்து நீ எட்டிப்பார்த்தாயா என்று அதட்டினார். இவ்வளவு படித்த மனுஷர் பின்னால் திரும்பிச் சுவரைப் பார்க்கவில்லை. நான்தான் திரும்பினேன். அங்கே என் தோளுக்கு மேலே, விறைப்பாக, காமிராவையே பார்த்துக்கொண்டு அவர். எப்படி இருந்திருக்கும் எனக்கு. உயிரோடு இருந்தபோது ஒரு நாள் ஸ்டியரிங்கைத் தொட விட்டாரா, உனக்கு எதுக்கு இதெல்லாம் என்று சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட மனுஷர். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள் என்று கெஞ்சினால் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டவர். இப்போது எனக்குக் காப்பியடிக்க உதவி செய்ய வந்துவிட்டாராம்.

படத்தைக் கழற்றிச் சமையலறையில் சாத்தி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை கேள்விகள் வந்தன, நானும் பதில் போட்டுக்கொண்டே போனேன். பாதியில் மறுபடி சிவப்பு. உதடு அசைகிறதாம், யாரிடமோ பேசுகிறேனாம். அக்கா, நான் யாரிடம் பேசினேன், கேள்வியைப் படித்தேன். உன்னை எட்டாவது வரை அனுப்பினார்கள், உனக்கு மனசுக்குள் படிக்க வரும். என்னை மூணாவதோடு நிறுத்தினார்கள், மூணாவதில் எல்லாரும் சத்தம் போட்டுத்தான் படிப்போம், மனசுக்குள் படிக்கிற பாடம் வருவதற்குள் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வாயைத் திறக்காவிட்டால் எனக்கு எழுத்து கண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், மண்டைக்குப் போகாது. அதைக் கம்ப்யூட்டரிடம் யார் சொல்வது. இனி வீட்டில் எழுத முடியாது, ஆபீசுக்கு நேரில் வா என்று கதவைச் சாத்திவிட்டது. மாசக் கடைசி வேறு வந்துகொண்டே இருந்தது. மெக்கானிக் ஒரு தடவை வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டயரைக் காலால் உதைத்துவிட்டுப் போனான்.

மாப்பிள்ளை லீவு போட்டு ஆபீசுக்குக் கூட்டிப்போனார். அதற்கு மட்டும் அவருக்கு நேரம் கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று அங்கே போன பிறகு தெரிந்தது. வரிசையில் என்னை நிறுத்திவிட்டு, காகிதங்களைக் காட்டுகிறேன் என்று முன்னால் போய்க் கண்ணாடிக்குக் கீழே இருந்த ஓட்டையில் வாயை வைத்து, உள்ளே இருந்த அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். என் கால் தேய்ந்திருக்கலாம், காது தேயவில்லை.

"மேடம், வயசானவங்க, ஏதோ ஆசைப்பட்டுக் கிளம்பி வந்துட்டாங்க. ஏதாவது ஒரு பேப்பர் குறையுதுன்னு சொல்லி நீங்களே திருப்பி அனுப்பிடுங்க. நாங்க சொன்னா கேக்கமாட்டாங்க."

அந்த அம்மா காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். திருப்பி அனுப்புவது அவளுக்கு ஒன்றும் புதிசில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற நாலைந்து பேரைக் கையெழுத்து கோணல், ஓரம் கிழிசல் என்று அனுப்பியவள்தான். ஆனால் என் காகிதங்களை நான் வரிசையாக அடுக்கி, நகலுக்கு நகல் வைத்து, ஊசி குத்தி வைத்திருந்தேன். கடைசித் தாள் வரை புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கே சார்" என்றாள், ஏதோ கைக்கு வந்தது தவறிப்போன வருத்தத்தோடு. நான் வரிசையிலிருந்தே மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த வேகத்தடைப் படத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

பிறகு கட்டைவிரலை வை என்றார்கள். வைத்தேன், ரேகையே இல்லை என்றது மெஷின். இந்தக் குடும்பத்துப் பாத்திரங்களைத் தேய்த்த கைக்கு ரேகை எங்கே மிஞ்சும். ஒவ்வொரு விரலாக வைத்து, கடைசியில் சுண்டுவிரலை ஒத்துக்கொண்டது. பரீட்சை அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர், எனக்கு இரண்டு பக்கமும் மீசை முளைக்காத பிள்ளைகள். நான் கேள்வியைப் படித்தேன், எனக்குத் தெரிந்த மாதிரி. பதிலையும் படித்தேன். மேற்பார்வை பார்த்தவர் வந்து, "அம்மா, வாயை மூடிக்கிட்டுப் படிங்க" என்றார். வாயை மூடினால் எனக்குப் படிப்பே வராது, மூணாவது வரைதான் படித்தேன், வேண்டுமானால் என்னை வெளியே அனுப்புங்கள், ஆனால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் எதையும் எழுதிக் கொடுக்கிறவராகத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் கடைசிக் கேள்வி வரை நிதானமாகப் படித்து முடித்தேன். நான் பாஸ். என் வரிசை முழுக்கப் பாஸ். போகும்போது ஒரு பையன் ரொம்ப நன்றி பாட்டி என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தப் பயல்களெல்லாம் ரோட்டில் வண்டி ஓட்டப்போகிறார்கள், நீ வெளியே போனால் ஜாக்கிரதை.

லைசென்ஸ் வந்துவிட்டது. கொண்டுவந்து என் மகன் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றான். கார் கொட்டகையில் இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.

உன் முழங்கால் மடங்கி நிமிரட்டும், அத்தான் கண் தெளியட்டும், உன் வீட்டில் எல்லாரும் பசி தூக்கம் குறையாமல் இருக்கட்டும். என் மனசிலும் இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. சிரித்ததற்கு மகனை மன்னித்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாவை மன்னித்துவிட்டேன், அவள் வேலை அது. கம்ப்யூட்டரை மன்னித்துவிட்டேன், அதுக்கு வளர்ப்பு சரியில்லை. படத்தில் இருக்கிறவரைக்கூடத் திரும்ப மாட்டிவிட்டேன், இந்த முறை கதவுக்குப் பின்னால் இருக்கிற சுவரில். நாத்தனார் விஷயம் வேறு, அது நடந்துகொண்டிருக்கிற வழக்கு. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் நின்று, என்னைத் திருப்பி அனுப்பச் சொன்ன ஒருத்தரை மட்டும் இந்தக் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்கமாட்டேன். அது மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிவைத்துப் பத்து நாள் ஆகிறது. லைசென்ஸின் பின்பக்கத்தை அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டுப் படித்தேன். பழகுகிற லைசென்ஸ் என்றால், முழு லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஓட்டலாமாம். இந்த வீட்டில் அது இருப்பது ஒரே ஒருத்தரிடம். கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவரே வந்து உட்கார்ந்தார். தினமும் சாயங்காலம் மைதானத்தில் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறார், ஒரு தடவைகூடக் கத்தவில்லை, கதவுக் கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது, பார்த்துச் சமை. இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வை. நான் வரும்போது வாசலில் வந்து நிற்காதே, உள்ளே தள்ளி நில். பிரேக் இன்னும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.