பதின்மூணு நாள் சாதகம்

நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் நான். முத்தல் இலையை அடியில் போட்டு ஒருநாளும் எடை கூட்டியதில்லை. அப்படிப்பட்டவள் அறுபது வயதுக்கு மேல், ஒரு போனை வைத்துக்கொண்டு கள்ள வேலை பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? பார்த்தேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் எப்போதும் ஆம்பளைகள்தான் பஜனை பாடுவார்கள். மூணு வருஷத்துக்கு முன்னால் பொம்பளைகளும் பாடலாம் என்று ஆனது. சொல்லிக்கொடுக்க ஞாயிறுதோறும் தலவாக்கலையிலிருந்து ஒரு சங்கீத மிஸ் வந்தார். மற்ற நாட்களுக்குப் போனில் ஒரு குரூப். அதில் தம்புராச் சத்தமும் பாட்டு வீடியோவும் அனுப்புவார். நாங்கள் அதோடு சேர்ந்து தினமும் பாடி, பாடியதை வொய்ஸ் எடுத்துப் போட வேண்டும்.

"ஒருநாளும் விடாம யார் பாடி அனுப்புறாங்களோ, அவங்கதான் திருவிழால மைக்கைப் பிடிச்சி முதல்ல பாடுவாங்க. மத்தவங்க பின்னால வாங்கிப் பாடணும்" என்றார் மிஸ்.

அந்த மைக் எனக்கு வேண்டும். மலையில் நான் பாடினால் அடுத்த மலைக்காரிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.) ஆனால் சாமிக்கு முன்னால் நின்று பாடியதே இல்லை.

திங்கட்கிழமை பாடி அனுப்பினேன். பிரமாதம். இவ்வளவு நல்லாப் பாடினதை மறுநாளும் எதுக்குப் பாடணும்? வொய்ஸை விரலால் அமுக்கிப் பிடித்தால் ஓர் அம்புக்குறி வரும். அதைத் தொட்டால் மறுபடியும் குரூப்புக்கே போகும். செவ்வாய் போனது. புதன் போனது. மழையில் ரோடு சரிந்து ஒரு ஞாயிறு மிஸ் வரவில்லை, அன்றைக்கும் போனது.

அடுத்த ஞாயிறு மிஸ் ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பஸ்ல கொஞ்சம் கொஞ்சம்தான் கேக்க முடிஞ்சிச்சி. பாக்கியம்மா ஒருநாளும் விடல. குரல் எப்படி வளந்திருக்குன்னு எல்லாரும் கேளுங்க."

நான் முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை பாட்டு ஓடியது. நடுவில், பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் என் நாத்தனார் செல்லத்தின் குரல்: "மதினி! ஓடியாங்க! ஆடு குட்டி போட்டிருச்சி!"

சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை ஓடியது. "மதினி! ஓடியாங்க! ஆடு குட்டி போட்டிருச்சி!"

புதன்கிழமையும் குட்டி போட்டது.

(போன் வாய்க்குக் கிட்டே உள்ள சத்தத்தை மட்டும்தான் எடுக்கும் என்று நினைத்திருந்தேன்.)

மிஸ் மெதுவாகக் கேட்டார். "அம்மா, அந்த ஆடு தெனமும் குட்டி போடுதா?"

நான் வாய் திறக்குமுன் செல்லம் எழுந்துவிட்டாள். கள்ளம் தெரியாதவள், அதுதான் கொடுமை. "இல்ல மிஸ், ஒருக்காதான். ரெண்டு குட்டி. எங்க மதினி பாட்டை நிறுத்தவுமில்ல, வந்து பாக்கவுமில்ல."

பின்னாலிருந்து ஒருத்தி, "பதின்மூணு நாளைக்கு இருபத்தாறு குட்டி! பெரிய பட்டியே போடலாமே பாக்கியக்கா!" என்றாள்.

மிஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லயத்து வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தேன். நேற்றுப் பறித்த கொழுந்தை இன்றைக்குத் தராசில் வைப்பேனா? கருத்துப்போயிருக்குமே. பாட்டையும் அன்றன்றைக்குத்தான் பறிக்க வேண்டும் போல.

மைக் செல்லத்துக்குப் போனது. ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டே ஒருநாள் விடாமல் பாடியிருக்கிறாள். திருவிழாவில் அவள் முதல் வரி எடுக்க, நான் பின்னால் நின்று வாங்கிப் பாடினேன். நன்றாகத்தான் பாடினாள். அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அன்றிலிருந்து குரூப்பில் ஒரு சட்டம். பாடுமுன் கிழமையும், வெளியே மழையா வெயிலா என்பதும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் என்னைக் காட்டுகிறார்கள். மாத்திரை போட்டுவிட்டேன் என்று சொன்னால்கூட என் மகன், "எந்த ஆடும்மா சாட்சி?" என்கிறான்.

போன மாதம் ஒருநாள் உடம்பு முடியவில்லை. போனை எடுத்துக் குரூப்பில் சொன்னேன்: "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. விடிஞ்சதிலேருந்து மழை. பாடல."

அதற்கு வந்த கைதட்டல் என் எந்தப் பாட்டுக்கும் வந்ததில்லை.