வாழைத்தார் ஏலம் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பாளையங்கோட்டை,
வியாழக்கிழமை காலை.

மகா கனம் பொருந்திய சம்பந்தி பாபநாசம் அவர்கள் திருமுன்பு, சிவசண்முகம் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி பிரம்மநாயகி, தங்கள் மருமகளாகிய என் மகள் சுகிர்தா, அவள் வயிற்றில் எட்டாம் மாதமாகக் குடியிருக்கும் தங்கள் பேரப்பிள்ளை, நால்வரும் நலம். தங்கள் நலத்தை நான் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. முந்தாநாள் போனில் தாங்கள் பேசிய சத்தத்திலிருந்தே தொண்டையும் நெஞ்சும் திடமாக இருப்பது தெரிந்துவிட்டது. மதுரையில் மழை உண்டா? மாப்பிள்ளை மகேஷுக்கு ஓசூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் பார்த்த வீடியோவில், நெற்றியில் விபூதியும் இரண்டு கையிலும் காலி மஞ்சள் பையுமாக, சர்ச் வளாகத்தில் நின்று வாழைத்தாரை ஏலம் கேட்கிறவன் நான்தான். எதிரில் போட்டிக்கு ஆளே இல்லாமல், நானே ஒரு விலை சொல்லி, அதற்கு மேல் நானே இன்னொரு விலை சொல்லி ஏற்றிக்கொண்டு போவதும் நிஜம்தான். மூன்று வாரமாக அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போதுதான் மதுரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "நீங்க ஏலம் கேட்டுக்கிட்டே இருங்க சம்பந்தி, வெள்ளிக்கிழமை வண்டி வரும், மருமகளை நாங்க பாத்துக்கிடுதோம்" என்று தாங்கள் சொன்னீர்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை, தகப்பனுக்குப் போட வக்கில்லை என்று பாதியில் அழைத்துப் போனால், அப்புறம் நான் இந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? ஆகவே கோபத்தைப் பைய ஒரு பக்கம் வைத்துவிட்டு, இதை முழுக்கப் படிக்க வேண்டும்.

போன மாதம் மருத்துவர் அம்மா சுகிர்தாவைச் சோதித்துவிட்டு, ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறது, மாத்திரையோடு தினமும் கீரை, காய், பழம் என்று புதிதாக உள்ளே போயாக வேண்டும் என்றார்கள். நான் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவன், பென்ஷன் கிடையாது. பருப்பு, புளி, மிளகாய் வற்றல் என்றால் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பழக்கடை எனக்கு வேறு தேசம். மார்க்கெட்டில் மாதுளை விலையைக் கேட்டுவிட்டு, கூடைக்குச் சொல்லுகிறாரா கிலோவுக்குச் சொல்லுகிறாரா என்று விளங்காமல் நின்றேன். ஒரே ஒரு பழம் வாங்கி வந்து உதிர்த்துக் கிண்ணத்தில் கொடுத்தேன். மகள் பாதி தின்றுவிட்டு மீதியை அம்மாவுக்கு என்று வைத்தாள், அம்மா எனக்கு என்று மூடி வைத்தாள், நான் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று திரும்ப வைத்தேன். அந்தக் கிண்ணம் சாயங்காலம் வரை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கறுத்துப்போனது. மறுநாளிலிருந்து கீரைத்தண்டுதான். கீரைத்தண்டு சாம்பார், கீரைத்தண்டுப் பொரியல், கீரைத்தண்டு மோர்க்குழம்பு. அதைத்தான் தங்கள் மருமகள் சம்பந்தியம்மாளிடம் வீடியோ காலில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். சிரித்தாள் என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

அப்போதுதான் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஜெபகனி டீச்சர் ஒரு யோசனை சொன்னார்கள். அவர்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை; அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆண்டவருக்குப் படைப்பார்களாம், ஆராதனை முடிந்ததும் அத்தனையும் ஏலமாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாமாம். "காய்கனி எல்லாம் அன்னைக்குக் காலையில பறிச்சதா இருக்கும் அண்ணாச்சி, சும்மா வந்து பாருங்க" என்றார்கள். ஏலம் என்றதும் என் மூளை கடைப்பக்கம் ஓடியது. எங்கள் கடையில் மழையில் நனைந்த மூட்டையை ஏலம் விட்டால் கால் விலைக்குப் போகும். அதே கணக்கைப் போட்டு, வாரக் காய்கறிப் பணம் முந்நூறையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பையோடு போய் முதல் வரிசையில் நின்றேன்.

சம்பந்தி, நான் அங்கே கண்டதை எப்படிச் சொல்ல! வேப்பமரத்தடியில் மேசை போட்டு, வெண்டை, புடலை, சுரை, பூசணி, கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை, கட்டுக்கட்டாகக் கீரை என்று குவித்திருந்தார்கள். தாமிரபரணித் தண்ணீருக்கு இவ்வளவு செய்யத் தெரியுமா என்று வாயைப் பிளந்து நின்றேன். இவ்வளவு காலம் இந்த ஊரில் இருந்தும் ஒரு கத்தரிக்காய் இத்தனை நிறத்தில் விளையும் என்று எனக்குத் தெரியாது. ஹெப்ரான் என்று ஒரு பையன்தான் ஏலம் விட்டான். முதலில் ஒரு கட்டு முருங்கைக்காய். நான் மனதுக்குள் பத்து ரூபாய் என்று நினைத்து வாயைத் திறப்பதற்குள் ஒருவர் நூறு என்றார், ஒரு அம்மாள் இருநூறு என்றார்கள், எண்ணூறில் போய் முடிந்தது. எண்ணூறு, முருங்கைக்காய்க்கு! வாங்கினவராவது வீட்டுக்குக் கொண்டுபோனாரா என்றால் அதுவும் இல்லை. பணத்தைக் கட்டிவிட்டு, "மறு ஏலத்துக்கு விட்டிருதேன்" என்று திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டார். அதே கட்டு மறுபடி அந்த இருநூறு கேட்ட அம்மாளுக்கு அறுநூறுக்குப் போனது. அந்த அம்மாளும் திரும்ப வைத்தார்கள். அது விலையல்ல, கோயிலுக்குக் காணிக்கை என்பது முப்பது வருடம் வாங்கல் விற்றல் பார்த்தவனுக்கு அப்போது விளங்கவில்லை. இவ்விடம் நமக்கு ஆகாது என்று நழுவப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் ஹெப்ரான் என்னைப் பார்த்துவிட்டான். நல்ல கோழிக்கூடு ரக வாழைத்தார் ஒன்றைத் தூக்கி வைத்து, "புதுசா ஒரு அண்ணாச்சி வந்திருக்காவ, அவிய ஆரம்பிச்சு வைக்கட்டும்" என்றான். எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு வாயில் வந்தது, நாற்பது. சொன்ன மறுகணம் கூட்டம் அமைதியாகிவிட்டது. விருந்தாளி கேட்டதற்கு மேல் கேட்கக்கூடாது என்று அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு தரம் என்றான், ரெண்டு தரம் என்றான். நாற்பது ரூபாய்க்கு அவ்வளவு பெரிய தாரா? கும்பிட்டு வாங்குகிற தர்மம் மாதிரி அல்லவா இருக்கிறது? எங்கள் குடும்பத்துக்கு இருந்த நிலம் போயிருக்கலாம், ரோஷம் போகவில்லை. ஐம்பது என்றேன். யாரும் எதிர்க்கவில்லை. எழுபது என்றேன். ஹெப்ரான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எழுபது என்று கூவினான். நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று நானே எனக்கு மேல் ஏறிக்கொண்டு போனேன், பின்னால் கைதட்டல் வேறு. முந்நூறில் நிறுத்தினேன். மனசு திருந்தி நிறுத்தவில்லை, சட்டைப்பையில் அதற்கு மேல் இல்லை.

அதோடாவது தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதுவரை வாங்கின அத்தனை பேரும் திரும்ப வைத்ததைப் பார்த்தவனுக்கு, அதுதான் அவ்விடத்து முறைபோல, வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று தோன்றிவிட்டது. "மறு ஏலத்துக்கு விட்டிருதேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். அதோடு வீடியோ முடிகிறது. அதற்குப் பிறகு இரண்டு காலிப் பையோடு வீட்டுக்கு நடந்து வந்ததை யாரும் எடுக்கவில்லை. சுகிர்தா கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரம்மநாயகி சிரிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் கீரைத்தண்டும் இல்லை.

இனிமேல் நடந்ததுதான் தாங்கள் அறியாதது. மறுநாள் சாயங்காலம் வாசலில் பேச்சுச் சத்தம். போய்ப் பார்த்தால், நான் திரும்ப வைத்த அதே வாழைத்தாரோடு ஹெப்ரான் நிற்கிறான், பக்கத்தில் ஜெபகனி டீச்சர், கோயில்காரர்கள் ஏழெட்டுப் பேர். யாருடைய தர்மமும் எங்களுக்கு வேண்டாம், எடுத்துப் போங்கள் என்று நான் ஆரம்பித்தேன். "தர்மம் யாரு தாராவ? ஏலந்தான் அண்ணாச்சி. மிச்சத்தத் தெருவுல விடணும்னு எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு" என்றான். அப்படி ஒரு சட்டம் உண்டா என்று டீச்சரைப் பார்த்தேன். அவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அதற்குள் என் பின்னாலிருந்து தங்கள் மருமகள், "ஒரு ரூபா" என்றாள். நான் பத்து என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம் மூன்றையும் அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். "உங்களுக்கு இங்கன ஏலம் கேக்க அனுமதி கிடையாது, நீங்க கேக்குற அழக ஊரே பாத்தாச்சு" என்றார்கள் டீச்சர். சுகிர்தா அங்கேயே ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சம்பந்தி, மறைப்பானேன்.

பண்டிகை ஏலம் அன்றோடு முடிந்தது, எங்கள் வாசல் ஏலம் இன்றுவரை முடியவில்லை. தினம் சாயங்காலம் யாராவது ஒருவர், கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையோ, சேரன்மகாதேவியிலிருந்து வரும்போது வாங்கிய கொய்யாவோ, ஒரு கை நெல்லிக்காயோ கொண்டுவந்து தெருவில் நின்று ஏலம் கூவுகிறார்கள். ஒரு ரூபாய்க்கு மேல் யாரும் கேட்பதில்லை. மாதுளை வாங்க மலைத்த நான், கொய்யாவும் நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் ரத்தத்துக்கு இவ்வளவு நல்லது என்பதை இப்போதுதான் கண்டேன். ஒருவர் பப்பாளி கொண்டுவந்தார். பிரம்மநாயகி அதைப் பிடுங்கிப் பிள்ளைத்தாய்ச்சி கண்ணில் படாமல் என் தலையில் கட்டினாள், இரண்டு நாள் பப்பாளிதான் எனக்குப் பலகாரம். வந்து குவிகிற பூசணிக்காய்க்கு மட்டும் வீட்டில் இடமில்லை, கட்டிலுக்கு அடியில் போட்டிருக்கிறோம். நேற்றுச் சோதித்ததில் ரத்தம் பத்தரைக்கு வந்துவிட்டது, மருத்துவர் அம்மாவே என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா என்று நானும் தினம் திண்டாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே தங்களை இரு கரம் கூப்பி வேண்டுவது, நாளை வண்டி அனுப்ப வேண்டாம். பிள்ளை இங்கேயே பிறக்கட்டும். சம்பந்தியம்மாள் தனலட்சுமி அவர்களுக்கு எங்கள் நமஸ்காரத்தையும், மகேஷுக்கு எங்கள் ஆசியையும் சொல்லவும். நெல்லையப்பரும் காந்திமதியும் தங்கள் வீட்டை நிறைத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சிவசண்முகம்

பின்குறிப்பு: மேலே கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பும்போதே வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது; ஒரு நாள் முன்னதாகவே, ஆப்பிள் பெட்டியும் கடுத்த முகமுமாகச் சம்பந்தியம்மாள் இறங்கினார்கள். மத்தியானம் கீரையும் அவியலும் போட்டோம், அதே முகத்தோடு சாப்பிட்டார்கள். சாயங்காலம் ஏலம் வந்தது, பூசணிக்காய். சுகிர்தா ஒரு ரூபாய் என்றாள். வழிமுறை தெரியாத சம்பந்தியம்மாள், தன் மருமகள் கேட்கும் பொருளுக்கு ஒரு ரூபாயா என்று ரோஷப்பட்டு ஐநூறு என்றார்கள். பணத்தை எடுத்து நீட்டினால் யாரும் வாங்கவில்லை. என்ன ஏது என்று டீச்சரிடம் விசாரித்துவிட்டு, நீட்டிய பணத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள். பிறகு பிறந்த ஊரான சீவலப்பேரிப் பேச்சு அப்படியே திரும்பி வந்துவிட்டது. "இந்தத் தெருவ விட்டு இவளக் கூட்டிட்டுப் போனா எனக்குல்லா பாவம். நானும் பிரசவம் முடியமட்டும் இங்கனதான் இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டார்கள். டிரைவர் கையில் இந்தக் கடிதம் வருகிறது. வண்டியில் மருமகளும் இல்லை, சம்பந்தியம்மாளும் இல்லை. ஏழு பூசணிக்காய் இருக்கிறது. ஒன்றைத் தாங்கள் சமைத்துக்கொண்டு, மீதி ஆறையும் தங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏலம் விடச் சம்பந்தியம்மாள் சொன்னார்கள். ஒரு ரூபாய்க்கு மேல் யாரையும் கேட்க விடக்கூடாதாம்.