வடக்கே போன பேஸ் கிட்டார்

பூஜையில வச்ச சாமானை மறுநாள் காலையில வடக்குப் பக்கமா நகர்த்திட்டுத்தான் எடுக்கணும்னு எனக்கு முதமுதல்ல சொன்னது என் நாத்தனார் சரோஜா அண்ணி. கல்யாணமாகி நான் கும்மிடிப்பூண்டிக்கு வந்த முதல் ஆயுத பூஜை அன்னிக்கு. படத்துக்கு முன்னால வச்சிருந்த ஸ்பேனரை நான் பாட்டுக்கு எடுத்து வீட்டுக்காரர் கையில குடுத்துட்டேன். அண்ணி போட்ட சத்தத்துல அந்த விஷயம் மண்டையில ஆணி மாதிரி இறங்கிடுச்சு.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. என் பையன் தினேஷோட பேஸ் கிட்டாரை எளாவூர்ல ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு போய்க் குடுக்கணும். அவ்வளவுதான்.

தினேஷுக்கு இருபத்தேழு வயசு. கம்பெனியில லேத் ஓட்டுறான். மத்த நேரத்துல ஹெவி மெட்டல் பேண்டுல பேஸ் வாசிக்கிறான். பேண்டுக்குப் பேரு 'இரும்புத்தூள்'. மொத்தம் நாலு பேர். மத்த மூணு பேருக்கும் இடுப்பு வரைக்கும் முடி. லேத்துல சிக்கும்னு இவனுக்கு மட்டும் ஒட்ட வெட்டின கிராப்பு. அதுல பிள்ளைக்கு ரொம்ப வருத்தம்.

"யம்மா, மேடையில எல்லாரும் கிட்டாருக்காரனைத்தான் பாப்பாங்க. பேஸ்காரனைப் பெத்த தாய் கூட பாக்க மாட்டா"ன்னு சொல்லுவான்.

"நான் பாக்குறேனே கண்ணு."

"நீ வசந்தைத்தான் பாத்துக்கினு இருந்த!"

உண்மைதான். வசந்துதான் அவங்க கிட்டாருக்காரன். முடியைச் சுத்திச் சுத்தி ஆட்டுவான். எங்கே கழுத்து சுளுக்கிக்குமோன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

பேஸுக்கு நாலே கம்பிதான். ஒவ்வொண்ணும் துணி காயப்போடுற கம்பி தடிமன். "கிட்டாரை விட ரெண்டு கம்பி குறைச்சலாச்சே, சுலபம்தானே?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டேன். ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. மூணாம் நாள்தான் விளக்கினான். கிட்டாரு மேல பறக்குமாம், டிரம்ஸு கீழே இடிக்குமாம், ரெண்டையும் சேர்த்துக் கட்டுற கயிறு பேஸாம். வாசிக்கும்போது யாருக்கும் தெரியாதாம். நிறுத்தினாத்தான் தெரியுமாம்.

"நம்ம ஊட்டு வேலை மாதிரி"ன்னேன். "அதேதாம்மா!"ன்னான். அன்னையிலேர்ந்து எனக்கு அந்த பேஸ் மேல ஒரு பாசம்.

அந்தப் பாசம்தான் வினை.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையிலேயே மெஷினுக்குப் படைக்கணும்னு தினேஷ் கம்பெனிக்குப் போயிட்டான். அங்கிருந்து நேரா கச்சேரி நடக்குற மண்டபம். "நாலு மணிக்கு நாங்கதான் மொதல்ல ஏறணும். இல்லாங்காட்டி எடத்தை வேற பேண்டுக்குக் குடுத்துடுவாங்க. மறந்துடாதம்மா"ன்னு முந்தின நாளே சொல்லியிருந்தான். சரி சரின்னு தலையை ஆட்டினேன்.

ஆட்டின தலையோட காலையில படையலுக்கு உட்கார்ந்தேன். வீட்டுக்காரரோட ஸ்பேனர், என் தையல் மெஷின், அரிவாள்மணை, கூடவே நடுநாயகமா பேஸ். கம்பியைத் தொடக்கூடாதுன்னு பையன் கண்டிஷன் போட்டிருக்கான். அதனால தொடலை. கம்பிக்குக் கீழே கறுப்பா ரெண்டு கட்டை இருக்கு, அதுதான் சத்தத்தைப் பிடிக்குமாம். அதுமேல கெட்டியா சந்தனம் வச்சு, அதுக்கு மேல அள்ளிக் குங்குமம். கழுத்துல கதம்ப மாலை. பார்க்க அப்படி ஒரு லட்சணம்!

கற்பூரம் காட்டி முடிச்சதும்தான் ஞாபகம் வந்துச்சு. நாலு மணிக்குள்ள இதை எடுக்கணும்!

அண்ணிக்குப் போன் போட்டேன்.

"இன்னாடி செல்வி, படையலுக்கு வச்சதை அன்னிக்கே எடுக்கப் போறேன்ற? புத்தி கீதா?"

"புள்ளை கச்சேரி அண்ணி..."

அண்ணி கொஞ்சம் இறங்கி வந்தாங்க. "சரி, மன்னிப்புக் கேட்டுக்க. வடக்கப் பாத்து நகத்து."

"எவ்ளோ தூரம் அண்ணி?"

"எவ்ளோ முடியுதோ நகத்து!"

கும்மிடிப்பூண்டிக்கு எளாவூர் நேர் வடக்கு. சாமியே வழி காட்டிட்டாருன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். மண்டபம் வரைக்கும் வடக்காலயே நகர்த்திட்டுப் போனா ஒரு தோஷமும் கிடையாது!

பொட்டும் மாலையுமா பேஸைப் பையில போட்டு, ஷேர் ஆட்டோவுல ஏறி மடியில படுக்க வச்சேன். பக்கத்துல இருந்த பூக்கார அம்மா, "யம்மா, உள்ள இன்னா?"ன்னு கேட்டாங்க.

"பூஜையில வச்சது. எம்புள்ளை வாசிக்கிறது."

"சாமி சாமானை வடக்க தலை வச்சுப் படுக்க வச்சிக்கிறியே, ஆவுமா?"

ஐயய்யோன்னு தூக்கி நிமிர்த்தினேன். பை ஆட்டோ கூரையில இடிச்சது. சாய்ச்சேன். டிரைவர் காதுல இடிச்சது.

"யக்கா, எனக்குக் கம்மல் போடுறியா?"ன்னாரு அவரு.

பாதி உடம்பை வெளியே விட்டுக்கிட்டு, பேஸை நிமிர்த்திக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எளாவூர் வந்தேன்.

மண்டபம் கண்ணுல பட்டுச்சு. ஆனா ஆட்டோ நிக்கலை. செக்போஸ்ட்டுக்குக் காத்திருந்த லாரிங்க ஓரம் பூரா வரிசை கட்டி நின்னுச்சு. ஒதுங்க இடமே இல்லை. "முன்னால எறக்கி வுடறேன்"னு டிரைவர் கொண்டு போய் விட்ட இடம் லாரி வரிசையோட தலைப்பக்கம். மண்டபம் இப்ப எனக்குத் தெற்கே.

தெற்கே! மணி மூணே முக்கால்.

திரும்ப அண்ணிக்குப் போன்.

"வடக்க நகத்தினதை எவளாவது தெக்க தூக்கிக்கினு போவாளா? எனக்கு இன்னாடி தெரியும், நான் இன்னா பூசாரியா? எதுக்கும் மூஞ்சி வடக்கப் பாத்தே இருக்கட்டும்."

போனை வச்சாங்க. உடனே தினேஷ் கூப்பிட்டான்.

"யம்மா, எங்க கீற?"

"வந்துக்கினே கீறேன் கண்ணு."

"சீக்கிரம் வா. அடுத்த பேண்டு வயரை மாட்டுறானுங்கோ!"

பிள்ளை சொந்தப் பாட்டோட ஏறுற முதல் மேடை. நான் என்ன செய்வேன்? முருகான்னு பேஸை நெஞ்சோட அணைச்சேன். வடக்கே பார்த்து நின்னேன். அப்படியே பின்னாலேயே தெற்கே நடக்க ஆரம்பிச்சேன்.

பத்தடி கூட தாண்டலை. ஒரு டயர்ல மோதினேன். டிரைவர் சீட்டிலிருந்து ஒரு ஆந்திராக்காரர் எட்டிப் பார்த்தாரு. "இன்னாம்மா, ரிவர்ஸா?"

"வேண்டுதல் நைனா."

வேண்டுதல்னா போதும், மனுஷங்க இளகிடுவாங்க. குதிச்சு இறங்கினாரு. லாரியைப் பின்னால எடுக்கும்போது தட்டுவாங்களே, அதே மாதிரி ஒவ்வொரு லாரியா உடம்புல தட்டிக்கிட்டே என் பின்னாடி வந்தாரு.

"வரட்டும் வரட்டும்! ரைட்ல ஒடி! இன்னும் ரைட்ல! பள்ளம், பள்ளம்! ஹோல்டான்! ...ஆங், வரட்டும்!"

மத்த டிரைவருங்க ஹாரன் அடிச்சு வாழ்த்தினாங்க. ஒருத்தர் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு. என்னையா பேஸையான்னு தெரியலை.

மண்டபத்து வாசப்படியிலேயும் முதுகைக் காட்டித்தான் ஏறினேன். ஓடி வந்து பையைப் பிடுங்கி ஜிப்பைத் திறந்த தினேஷ், அப்படியே நின்னுட்டான்.

"யம்மா... இன்னாம்மா இது?"

"ஆயுத பூஜைடா..."

வசந்து எட்டிப் பார்த்தான். "மச்சான், தொடைக்க டைம் இல்ல. அப்டியே ஏறு!"

ஏறினாங்க. மேடை வடக்கைப் பார்த்துதான் இருந்துச்சு. கடவுள் இருக்காரு.

தினேஷ் பேஸை முழங்காலுக்குப் பக்கத்துல தொங்க விட்டுக்கிட்டு நின்னான். அவன் வசந்து மாதிரி பிளாஸ்டிக் வில்லையால வாசிக்க மாட்டான், விரல்தான். கட்டை விரலை அந்தக் கறுப்புக் கட்டையில ஊனிக்கிட்டு, ரெண்டு விரலால கம்பியை இழுத்து இழுத்து அடிப்பான். குதிரை ஓடுற மாதிரி தடதட தடதடன்னு. சத்தம் காதுல வரலை, நேரா அடிவயித்துல வந்துச்சு. நான் கண்ணை மூடி சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

முன்வரிசையில யாரோ கத்தினாங்க. "டேய், பேஸ்காரன் கையைப் பாருங்கடா! ரத்தம்!"

கண்ணைத் திறந்தேன். விரலெல்லாம் செக்கச்செவேல்னு! மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு! மண்டபமே அவனைப் பார்த்துக்கிட்டு இருக்கு. வசந்து முடியைச் சுத்துறான், ஒரு ஆள் பார்க்கலை.

பெத்த வயிறு இல்லையா! எழுந்து ஓடினேன். மேடை ஏறினேன். "டேய் தினேஷ், ரத்தம்டா கண்ணு! நிறுத்துடா!" என் குரல் பக்கத்து மைக்குல போய் மண்டபம் பூரா கேட்டுச்சு.

"நிறுத்தாத! நிறுத்தாத!"ன்னு இருநூறு பேர் கத்துறாங்க.

நான் முந்தானையால கையைப் பிடிக்கப் போனேன். அவன் வாசிக்கிறதை விடாம என் காதுகிட்ட குனிஞ்சான்.

"யம்மா. குங்குமம். நீ வச்சதுதான். மூடிக்கினு போய் ஒக்காரு."

மூடிக்கிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கச்சேரி முடிஞ்சு போட்டோ எடுக்க வந்த கூட்டம் முழுக்க தினேஷைச் சுத்தித்தான் நின்னுச்சு. விரல் கிழிஞ்சு ரத்தம் ஒழுகியும் நிறுத்தாத பேஸ்காரனாம். அழுதுகிட்டே மேடையேறின தாயாம். மறுவாரம் தினேஷ் ரெண்டு விரலுக்கும் சும்மாவே பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வேலைக்குப் போனான். எத்தனையோ வருஷமா சாமி கும்பிடுற எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால யாராவது கேட்டா மட்டும் லேசா பெருமூச்சு விட்டுக்கிறேன்.

உங்ககிட்ட ஒரு சின்ன வேண்டுகோள். கும்மிடிப்பூண்டி பக்கம் தினேஷைப் பார்த்தீங்கன்னா, விரல் ஆறிடுச்சான்னு மட்டும் கேளுங்க.