முத்திரை பெற்ற கை

உலகில் எடைக்கருவிகள் எத்தனையோ உண்டு. ஆனால் முழங்கைக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்ப் குத்தப்பட்டு, முறைப்படி பணியில் அமர்ந்த ஒரே எடைக்கருவி தெய்வசிகாமணியின் வலது கைதான். இந்தப் பெருமை கரியாலூர் மலையில் இருந்த ஒரு தானியக் கொள்முதல் நிலையத்தைச் சேரும்.

எண்பத்தேழாம் வருடம். இட ஒதுக்கீட்டுப் போராட்டம். வருடாந்திர முத்திரைக்காகக் கள்ளக்குறிச்சிக்குப் போன தராசு, வழியெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்ததால் திரும்பவில்லை. மலைக்காரர்களோ சாமை மூட்டைகளோடு வந்து நின்றுவிட்டார்கள். நிலைய மேலாளர் இளஞ்செழியன் 'அவசரக் கூட்டம்' கூட்டினார். கூடியவர்கள் அவரும், எடை போடும் தெய்வசிகாமணியும்.

"பதினோரு வருஷமா மூட்டை தூக்கிக்கினு கீறே. கையாலயே எடை சொல்லு. சரியா சொன்னா உன் வேலை நிரந்தரம்."

பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியராகவே நிரந்தரமாக இருப்பவர் தெய்வசிகாமணி.

"முத்திரை இல்லாத தராசு செல்லாதுன்னு சொல்வீங்களே சார்?"

மேலாளர் அவர் கையில் நச்சென்று ஸ்டாம்பைக் குத்தினார். "தராசு வர்ற வரைக்கும் கழுவாதே."

அன்று முதல் தெய்வசிகாமணி ஒரு கையைத் தூக்கிக்கொண்டே குளித்தார். அரசாங்கச் சொத்தைக் குழம்பில் விடக்கூடாது என்று மனைவி விஜயலட்சுமி சோறு ஊட்டிவிட்டாள்.

காலையில் கை ஒழுங்காகத்தான் எடை சொன்னது. மதியத்துக்குமேல் தோள் விட்டுப்போக, மூட்டைகள் கனக்கத் தொடங்கின. காலையில் "இருபது" என்ற சாமை, சாயங்காலம் "இருபத்தெட்டு" ஆனது. இதை முதலில் கவனித்தவர், சாமை கொண்டுவந்த மலைக்காரர்களில் ஒருவரான சடையன்.

மறுநாள் வரிசை நகரவேயில்லை.

"நீ முன்னாடி போண்ணே."

"ஐய, வயசுல பெரியவரு, நீங்க போங்க."

மலைமக்களின் விட்டுக்கொடுக்கும் பண்பு பற்றி மேலாளர் ஒரு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மூன்று மணிக்கு அந்தப் பண்பாளர்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"களைச்ச கைக்கு எடை ஜாஸ்தியா தெரியும்யா. இது விஞ்ஞானம்!" என்று கத்தினார்.

தெய்வசிகாமணிக்கு இது புதிதல்ல. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவர் கை சொன்னதைவிடத் தராசு கம்மியாகத்தான் காட்டும். கேட்டபோதெல்லாம் மேலாளர் இதே விஞ்ஞானத்தைச் சொல்வார். பதினோரு வருடம் தோளுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்தே ஒரு மாடு வாங்கும் காசு போயிருக்கிறது.

எட்டாம் நாள் காலை தராசு வந்து இறங்கியது. அதன் அடியில் இருந்த திருகாணியை வழக்கம்போல மேலாளரே தன் கையால் 'சரிசெய்தார்'. பிறகு, கையின் தகுதியை எல்லார் முன்னாலும் சோதிப்பதற்காக, பிரிக்காத உப்பு மூட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்த கை அதைத் தூக்கியது.

"இருபத்தஞ்சு, சார்."

மூட்டைமேல் அச்சடித்திருந்ததும் இருபத்தைந்துதான். தராசில் வைத்தார்கள். இருபது.

சடையன் மெதுவாகக் கேட்டார்: "உப்பு மூட்டைக்கும் கை களைச்சுப்பூடுமா சார்?"

அன்று மாலையே உத்தரவு வந்தது. 'எடையில் ஒழுங்கீனம்' காரணமாகக் கை பணிநீக்கம். கையோடு சேர்ந்த மற்ற பாகங்களும்.

தெய்வசிகாமணி ஆத்திரத்தோடு குழாயடியில் முத்திரையைத் தேய்த்துக் கழுவினார். அப்புறம் உட்கார்ந்து மேலாளருக்கு விளக்கக் கடிதம் எழுதினார்:

"ஐயா, என் கை எட்டே நாளில் களைத்துப்போனது குற்றம்தான். அந்த முத்திரையைத் தங்கள் கையிலேயே குத்திக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பதினோரு வருடமாகத் திருகாணியைத் திருகிவரும் அது, இன்றுவரை ஒருநாளும் களைத்ததில்லை."