திருவொற்றியூர் ஜெரின் பொன்னுருண்டை நிறுத்திய பராக்கிரமம்

வாழி, ஜெரினே! ‘சில்லறை விற்பனை கிடையாது’ என்னும் பலகையின் நிழலில் பிறந்து, அரிசி மூட்டைகளின்மேல் தவழ்ந்து, எதையும் லோடு லோடாகவே எண்ணப் பழகிய தென்னாட்டு வணிகர்குலக் கொழுந்தே! திருவொற்றியூர் மொத்தக்கடையின் மாடியறையில் விசைப்பலகை ஏந்தி வீற்றிருக்கும் வெற்றிவேந்தே! உன் புகழை இந்தப் பாழாய்ப்போன நாவால் பாட முடியுமா? முடியாதுதான், ஆனாலும் பாடுகிறேன்.

அவ்வேந்தன் தன் சர்வரில் கட்டி ஆண்டது சதுரக் கட்டைகளாலான விளையாட்டுலகம். குடிமக்கள் பதினொருவர். அனைவரும் ராயபுரத்துத் தமீமின் சர்வரை எட்டிப் பார்த்து வாய்பிளந்து மீண்டவர்கள். அங்கே கோட்டை வாசலில் நீலப் பொறிகளாலான உருண்டை ஒன்று சுழல்கிறதாம்! பொறுப்பானா நம் வீரன்? “ஆறு மணிக்குத் தமீமையும் இட்டுகினு வாங்க! நம்ம வாசல்ல தங்க உருண்டை நிக்கும். நிக்கலன்னா அல்லாரும் அவங்கிட்டயே போய்க்கலாம்!” என்று முழங்கினான். அப்போது மணி ஐந்தேகால். அவசரக்குடுக்கை!

உருண்டை காட்டும் பிளகின் என்னும் துணைநிரலை இறக்கினான். அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தான். நடுவிலிருந்து விளிம்புவரை எத்தனை கட்டை தூரம் என்று கேட்ட இடத்தில், அதைச் செய்தவன் அடக்கமாய் ‘3’ என்று இட்டுவைத்திருந்தான். மூன்றா? மூட்டை கண்ட குலத்தில் மூன்றா? சீ என்று அதை அழித்து, முந்நூறு என்று பொறித்து, சர்வரை மீளத் தொடக்கினான், மார்புயர்த்தி, மூச்சடக்கி.

வாசலில் ஒன்றுமே இல்லை.

“இன்னா மாமு, ஒண்ணியும் காணோமே!” என்று வியாசர்பாடியிலிருந்து ஆடிக்கொண்டிருந்த அறிவு அறிவித்தான். சரக்குப் போதவில்லை போலும் என்று அறுநூறாக்கினான் வீரன். இல்லை. தொள்ளாயிரம். அப்போதும் இல்லை! குடிமக்கள் ஒருவர்பின் ஒருவராய்க் கொட்டாவிக் குறியிட்டனர். கடிகாரம் ஐந்து ஐம்பதைக் காட்ட, இரண்டு வருடமாய்க் கல் கல்லாய் அடுக்கிய கோட்டையில் தனியாளாய் நிற்கப்போகிறோமே என்று அவன் அந்தக் கோப்பையே மறுபடி மறுபடி புரட்டினான்.

அந்நேரம், காணாமற்போன ஆட்டைத் தேடி அவ்விளையாட்டுலகின் கோடிக்கே போயிருந்த குடிமகள் எழில்மொழியின் குரல் எழுந்தது:

“டேய் ஜெரினு! இங்க ஆகாசத்துல ஒத்தப் புள்ளி மஞ்சளா மின்னிகினு கீது. இன்னாடா அது?”

இடியுண்டதுபோல் விழித்தான் ஜெரின். உருண்டை வரவில்லை என்று யார் சொன்னது? கோட்டை, மலை, கடல், குடிகள், ஆடு அத்தனையையும் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டல்லவா அது முதலிலிருந்தே நிற்கிறது!

“யப்பா! நாம அல்லாரும் அதுக்குள்ளதான் கீறோம்!”

பரம்பரை மானத்தைப் பல்லைக் கடித்து விழுங்கி, குலப் பலகையை மறந்து, ‘3’ என்று அடித்தான் சில்லறையாய். ஆகா! வாசலின்மேல் பொன்மழை திரண்டது, சுழன்றது, ஜொலித்தது. பதினொருவரும் ஆர்ப்பரித்தனர், ஒருவரும் போகவில்லை. சரியாக ஆறு மணிக்கு உள்ளே வந்த தமீம், உருண்டையை மும்முறை வலம்வந்து தீர்ப்புரைத்தான்:

“சோக்கா கீது மாமு. ஆனா இன்னும் கொஞ்சம் பெர்சா வெச்சிருக்கலாம்ல?”

ஜெரின் கணினியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.