ஷேக் புராவியின் ஆன்டெனாத் தாயத்து

கெலிபியா என்ற கடலோர ஊரில் அந்தக் கோடையில் மீன் பிடித்தவர்களைவிட இத்தாலி பிடித்தவர்கள் அதிகம். கடலுக்கு அப்பால் இத்தாலியின் சிசிலித் தீவு. அங்கிருந்து பந்தாட்டமும் பாட்டுக்காரிகளும் காற்றிலேறி வந்து வீட்டு டிவிப் பெட்டியில் இறங்க ஆன்டெனா மட்டும் போதாதாம். ஷேக் புராவியின் தாயத்தும் வேண்டுமாம்!

தாயத்தை வீட்டுக்காரர் முன்பே கம்பத்தில் கட்டிவிட, ஷேக் தனியாக மாடி ஏறுவார். கம்பத்தைத் தொடவே மாட்டாராம், ஓதுவாராம், அவ்வளவுதான். கீழே பெட்டியில் புள்ளிமழை ஓய்ந்து இத்தாலிக்காரி சிரிப்பாள். ஷேக் ஒரு கோழியோடும் ஒரு டின் ஆலிவ் எண்ணெயோடும் விடைபெறுவார். மறுவாரம் படம் போய்விட்டால்? தாயத்து பழுதாகுமா என்ன! வீட்டில் யாரோ கண் வைத்துவிட்டார்கள்.

மீனவன் மொங்கியின் வீட்டில் அந்த 'யாரோ' அவன் மனைவி ஜலீலா.

ஆன்டெனாவைக் கட்டியதே அவள்தான். உடைந்த படகின் அலுமினியக் குழாய்களை அறுத்து, துடைப்பக் கட்டையில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பூட்டினாள். பின்னால் நீளக் குழாய், முன்னே போகப்போகக் குட்டை. முதலில் அளவு தப்பி ஒன்றும் தெரியவில்லை, மறுபடி அறுத்தாள். குட்டை முனை சிசிலியைப் பார்த்தால் படம். கடல்காற்று கம்பத்தைத் திருப்பிவிட்டால் புள்ளிமழை. இது அவளுக்குத் தெரியும். மொங்கிக்கு ஷேக்கைத்தான் தெரியும். மறுபடி படம் போனதும் அவரிடம் ஓடினான்.

"பொம்பளை கை பட்ட கம்பி, மொங்கி. அதுலயும் இவ கண்ணு இருக்கே... ஞாயித்துக்கிழமை பைனல் பாக்கணும்னா இவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிடு. அப்புறம் திரும்பக் கூப்பிடுறதை யோசிக்கலாம்."

மொங்கி அவள் துணிகளை மூட்டை கட்டினான். ஒரு பந்தாட்டத்துக்கு முன்னால் ஒரு குடித்தனத்தின் எடை அவ்வளவுதான்.

"போறேன்," என்றாள் ஜலீலா. "ஷேக் ஓதுறதை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடத்தில் நெருக்கியடித்தது. ஜலீலா காலையெல்லாம் மிளகாய் இடித்து ஹரிஸ்ஸா விழுது அரைத்தாள். துணி காயப்போட ஒருமுறை மாடிக்குப் போய்வந்தாள்.

ஷேக் ஏறினார். புள்ளிமழை. இன்னும் புள்ளிமழை. சட்டென்று பச்சைப் புல்வெளி, பந்து! கூடம் அலறியது.

ஷேக் பெருமிதமாக இறங்கி வந்தார்.

"கம்பத்தைத் தொட்டீங்களா, ஷேக்கே?" என்று கேட்டாள் ஜலீலா.

"தொடுறதாவது! கையை வானத்துக்குத் தூக்கினேன். அருள் தன்னால இறங்குச்சு." சொல்லிக்கொண்டே நெற்றி வியர்வையைக் கையால் வழித்தார். அது கண்ணில் இறங்கியது.

"ஐயோ! என் கண்ணு! தண்ணி! தண்ணி கொண்டாங்க!"

வெள்ளை அங்கியில் செக்கச்செவேலென்று பத்து விரலும் பதிந்திருந்தன. பக்கத்து வீட்டு ஹம்மாதி முகர்ந்து பார்த்தான். "அடேய், இது ஹரிஸ்ஸாடா! வானத்துல எவன்டா மிளகா இடிக்கிறான்?"

"நான் கம்பத்துலதான் பூசினேன்," என்றாள் ஜலீலா. "வானத்துல பூசலை."

மொங்கி மாடிக்கு ஓடினான். தாயத்தை அறுத்து எறிந்தான், கீழே படம் போகவில்லை. கம்பத்தைத் துணி சுற்றித் திருப்பினான், பந்து போயிற்று. திரும்பத் திருப்பினான், வந்தது. ஷேக் அதற்குள் வாசல் தாண்டிவிட்டார், கோழி வாங்காமல், முதல் தடவையாக.

இறங்கி வந்த மொங்கியின் காலடியில் ஜலீலா மூட்டையைத் தள்ளினாள். "கட்டின கைதானே? பிரிங்க."

கூட்டம் பார்க்க, அவன் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக மடித்து வைத்தான்.

ஹம்மாதி மெல்ல நெருங்கினான். "தங்கச்சி, எங்க கம்பத்துக்கும் கொஞ்சம் ஹரிஸ்ஸா குடேன். நல்லா வேலை செய்யுது!"

ஜலீலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதை ரொட்டியில தடவித் தின்னுங்கண்ணே. மாடிக்கு மூளையை எடுத்துட்டுப் போங்க. ரொம்ப நாளா புள்ளிமழை விழுறது அதுலதான்."