நாற்பத்தெட்டாம் நாள் வெண்பூசணி

வாழ்க கலியபெருமாள்! மூன்று மலைக்கோட்டைகள் காவல் நிற்கும் செஞ்சி நகரின் மங்கா மணிவிளக்கே, காந்தி பஜார் ஜெராக்ஸ் கடையின் தனிப்பெருந் தலைவனே, தொண்ணூற்றொரு கிலோவைத் தன்னந்தனியாகச் சுமந்து திரியும் தளராத் தாளாளனே, உன் வீரம் பாடப் புகுந்தோம்! முதலில் விநாயகரை வேண்டலாம் என்றால், தொந்தி விஷயத்தில் அவரும் நம் கட்சி, நடுவுநிலை இருக்காது. ஆகவே திண்டிவனம் ரோட்டில் விண்ணளாவி நிற்கும் செல்போன் கோபுரத்தைக் கைகூப்பித் தொழுது தொடங்குகிறோம்.

அத்தகைய கலியபெருமாள் ஒரு சபதம் பூண்டிருந்தார். "ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு அருந்துவேன்! அதை நாள் தவறாமல் உலகத்துக்குக் காட்டுவேன்! ஒரு நாள் தவறினாலும் 'செஞ்சி ஹெல்த் சிங்கம்' என்னும் என் பக்கத்தை இழுத்து மூடுவேன்!" என்று அவர் முழங்கியதைப் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். அன்று முதல் நாற்பத்தேழு காலைகள், வயிற்றை எக்கி, மூச்சை அடக்கி, விளக்கெண்ணெய் குடித்த முகத்தைச் சந்தனம் பூசிய முகமாக மாற்றி, "அப்படியே காத்துல மிதக்குற மாதிரி இருக்குதுங்க" என்று அவர் கேமராவுக்கு மொழிந்தார். கேமரா அணைந்ததும் மூச்சு வெளியேறும்; வயிறு தன் பழைய எல்லைகளை மீட்டுக்கொள்ளும்; நாலுமுனை டீக்கடையின் மசால் போண்டா இரண்டு உள்ளே போகும். இந்த நாற்பத்தேழு நாளில் அவர் எடை நானூறு கிராம் கூடியிருந்தது. அந்தச் செய்தியை மட்டும் அவர் எங்கும் வெளியிடவில்லை.

சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயது வாழ்வில் கலியபெருமாள் தொடங்கிய எதுவும் முடிந்ததில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாதியில் நின்றது. வீட்டு மாடி கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ஒரு கணக்காவது நாற்பத்தெட்டைத் தொட்டுவிட வேண்டும் என்று அவர் உண்மையாகவே ஏங்கினார். கடைசி நாள் லைவில் குடிப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

அந்தோ, அந்த நாள் அமாவாசையாகப் போயிற்று!

அதுவரை தினமும் மாலையில் காய்கறிக்கடை துரைக்கண்ணுவிடம் ஒரு கீற்று வாங்கிவருவார். அன்றைக்கு முந்தின மாலை துரைக்கண்ணு கத்தியை எடுக்க மறுத்துவிட்டார். "நாளைக்கு அமாவாசண்ணே. முழுசாத்தான் குடுப்பன்." காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பியதுதான் நம் தலைவன் செய்த பெரும்பிழை. பொழுது விடிவதற்குள் லாரிக்காரரும் லாட்ஜ்காரரும் ஹார்டுவேர்க்காரரும் திருஷ்டி கழிக்கப் படையெடுத்து வந்து கடையைச் சூறையாடிவிட்டிருந்தார்கள். எஞ்சியது ஒன்றே ஒன்று. நீறு பூத்த மேனியும் நிறைகுடத் தோற்றமுமாய், உருளைக்கிழங்குக் குன்றின் உச்சியில் அது கொலுவீற்றிருந்தது.

அதன் காம்பைக் கலியபெருமாளின் வலக்கை பற்றிய அதே கணத்தில், வளையல் குலுங்க இன்னொரு கை அதன் அடியைப் பற்றியது. யாருடைய கை? மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் ட்ரிப் அடிக்கும் வேனின் உரிமையாளரும் ஓட்டுநருமாகிய சாமுண்டீஸ்வரியின் கை. டாப் கியரிலேயே மேடேற்றும் முரட்டுக் கை!

மூண்டது போர். தேர்வடம் இழுப்பவர்போல இருவரும் குதிகாலை ஊன்றி இழுக்க, கத்தரிக்காய்ப் படை கலைந்தோட, முருங்கைக்காய் வேல்கள் முறிந்து விழ, தக்காளி வீரர்கள் காலடியில் செங்குருதி சிந்தி மடிய, தராசு கவிழ்ந்து துரைக்கண்ணுவின் கால் கட்டைவிரலைப் பதம்பார்க்க, அவர் எழுப்பிய ஓலம் ராஜகிரிக் கோட்டையில் மோதித் திரும்பிற்று.

"அண்ணே, வுடுங்க! வண்டிக்கு சுத்தி ஒடைக்கணும். பதினாலு பேரு ஏறிக் குந்திக்கினு இருக்குது."

"எனக்கும் வோணும்மா. நான் குடிக்கணும்."

"இன்னாது? பூசணிக்காவ குடிக்கறதா?"

சாமுண்டீஸ்வரி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். வேர்வை வழியும் முகம், மேல்மூச்சு கீழ்மூச்சு. சாமுண்டீஸ்வரியின் பிடி மெல்லத் தளர்ந்தது. "பாவம், இன்னா சீக்கோ! டாக்டருங்க கைவிட்டுட்டாங்க போலருக்குது. அவரே எடுத்துக்கட்டும் துரை, டயருக்கு நாலு எலுமிச்சம்பழம் குடு."

ஆரோக்கியத்தின் அரிமா அந்த இடத்தில் கர்ஜித்திருக்க வேண்டாமா? கர்ஜித்தால் காய் போய்விடும். ஆகவே அவர் லேசாக இருமிக் காட்டினார். நோயாளிப் பட்டம் சூடி, பூசணியை மார்போடு அணைத்து, வீடு திரும்பினார்.

வீட்டில் இருந்தாள் மஞ்சு, அவர் மனைவி. கணவன் உடம்பைப் பதினோராயிரம் பேர் தினமும் கண்கொட்டாமல் பார்க்கிறார்களே என்று ஒரு மண்டலமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள். "கண்ணு பட்டுடும்யா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள். இதுநாள் வரை கீற்றாகக் கொண்டுவந்த மனுஷன், அமாவாசையன்று முழுப் பூசணியோடு வந்து நின்றால் செஞ்சியில் பிறந்தவள் என்ன நினைப்பாள்? கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள். கண் கலங்கிப்போனாள். அவர் முகம் கழுவிச் சட்டை மாற்றி வருவதற்குள் காயின் தலையைச் சீவி, குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரமும் வைத்துவிட்டாள்.

வாசலில் ஸ்டாண்டின் மேல் போன் நின்றது. கலியபெருமாள் வயிற்றை எக்கினார். "உலகத் தமிழ் உறவுகளே! இதோ நாற்பத்தெட்டாம் நாள்! இதோ என் வெண்பூசணி!" என்று, உள்ளிருந்து சாறு வருமென நம்பி, கையை நீட்டி அறிவித்தார். கற்பூரம் எரிய எரிய வெண்பூசணி வந்தது. அதன் பின்னால் மஞ்சுவும் வந்தாள்.

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, போன்ல பாத்த கண்ணு, லைக்கு போட்ட கண்ணு, லைக்கு போடாம வயிறெரிஞ்ச கண்ணு, எல்லாக் கண்ணும் ஒடஞ்சி போவட்டும்!"

வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றினாள். நடுவில் நின்ற தலைவனோ, "வேணாம்" என்று கத்தவும் முடியாமல், அடக்கிய மூச்சை விடவும் முடியாமல், லைவுக்குரிய சிரிப்போடு சிலையாகச் சமைந்தார். மஞ்சு தெருவுக்குப் போனாள், இரு கையாலும் தூக்கினாள், ஓங்கி அடித்தாள். நாற்பத்தேழு நாள் தவமும் செக்கச்செவேலென்று தார் ரோட்டில் சிதறியது. கலியபெருமாளின் மூச்சு அப்போதுதான் வெளியேறியது. வயிறும் உடன் வந்தது. அதையும் உலகம் கண்டது.

வீடியோவைப் பதினோராயிரம் பேர் பார்த்தாலும் அவர் லைவுக்கு முப்பது பேர்தான் வருவார்கள்; அன்று நாலாயிரம் பேர் பார்த்தார்கள். "அக்கா, கற்பூரம் எத்தனை வைக்கணும்?" "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் சுத்தலாமா?" "அக்கா, தனியா பேஜ் ஆரம்பிங்க!" என்று வாழ்த்தொலிகள் திரையில் வெள்ளமாய்ப் பெருக்கெடுத்தன. சாற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மஞ்சு சேலையைச் சரிசெய்துகொண்டு போனின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லத் தொடங்கினாள்.

யாராவது வண்டியில் வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று கலியபெருமாள் விளக்குமாற்றை எடுத்துப் போய் ரோட்டைக் கூட்டினார்.